டியூப்லெஸ் பஞ்சர்: முதல்ல காத்தக் கொறைங்க, மத்ததெல்லாம் அப்புறம்

இந்த தடவ வந்த கேள்விங்கள்ல பெரும்பாதி ரோடு பைக் டியூப்லெஸ் டயர் பஞ்சர் பத்திதான். அதனால வேற எதையும் கலக்காம முழுக்க இதையே எடுத்துக்கிட்டேன். ஒரே விஷயத்த கேட்டிருந்தவங்க கேள்விய ஒண்ணா சேத்துட்டேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

சார், என்னோடது 28 எம்எம் டியூப்லெஸ் டயர். கண்ணாடி குத்தி உள்ள ஊத்தியிருந்த சீலன்ட் பீச்சி அடிச்சுது, பிரேம் எல்லாம் வெள்ளையா ஆயிடுச்சு, கொஞ்ச நேரத்துல தானா நின்னுச்சு. சரி அடைச்சிடுச்சுன்னு மறுபடி 80 பிஎஸ்ஐ அடிச்சேன், கொஞ்ச தூரம் போறதுக்குள்ள அதே ஓட்டை பிச்சுக்கிச்சு. சீலன்ட் டூப்ளிகேட்டா? இல்ல டயரே சரியில்லையா?

சீலன்ட் மேலயும் தப்பில்ல, டயர் மேலயும் தப்பில்ல தம்பி. அந்த 80 பிஎஸ்ஐதான் காரணம்.

சீலன்ட்ங்கிறது பெரும்பாலும் ரப்பர் பால், அதுல நுணுக்கமான துகளும் நாரும் கலந்திருக்கும். ஓட்டை வழியா காத்து வெளிய ஓடுறப்ப இந்தப் பாலையும் சேத்து இழுத்துட்டுப் போகும், துகளெல்லாம் ஓட்டை வாயில போய் சிக்கும், அதுமேல பால் ஒறைஞ்சு அடைச்சுக்கும். மலைப்பாதையில ஓட்டுற மவுண்டன் பைக்ல 20, 25 பிஎஸ்ஐ தான் இருக்கும், உள்ள எடமும் அதிகம் பாலும் அதிகம், அதனால நமக்குத் தெரியாமலேயே பாதி பஞ்சர் அடைச்சுக்கும். ரோடு டயர் அப்படி இல்ல, மெலிசான டயர், உள்ள கொஞ்சூண்டு பால், அழுத்தமோ மூணு மடங்கு. ஓட்டை வாயில துகள் தங்குறதுக்குள்ள காத்து அத தூக்கி வெளிய எறிஞ்சிடுது. மடை ஒடைஞ்சு தண்ணி வேகமா பாயுறப்ப மண்ண கொட்டினா நிக்குமா, தண்ணிய கொஞ்சம் திருப்பி விட்டுட்டுதான அடைப்பாங்க, அதே கதைதான் இதுவும்.

உங்க டயர்ல நடந்ததும் அதான். காத்து எறங்கி எறங்கி 30, 40 பிஎஸ்ஐக்கு வந்தப்பதான் பால் புடிச்சிருக்கும். அந்த அழுத்தத்துக்குதான் அந்த அடைப்பு தாங்கும், அதுவும் இன்னும் முழுசா ஒறையாத பச்சை அடைப்பு. அதுமேல ஒரேயடியா 80 ஏத்தினா பிச்சுக்காம என்ன பண்ணும்?

அடுத்த தடவ இப்படி ஆச்சுன்னா நிறுத்துங்க. பீச்சி அடிக்கிறப்பவே ஓட்டிக்கிட்டே போனா அடைச்சுக்கும்னு சிலர் சொல்றாங்க, சின்ன முள்ளுக் குத்துனா சரி, பெரிய ஓட்டைன்னா பால் மொத்தமும் ரோட்ல போயிடும், கையில ஒண்ணும் மிஞ்சாது. நிறுத்தி ஓட்டை இருக்கிற எடத்த கீழ வர்ற மாதிரி சக்கரத்த திருப்பி வைங்க, பால் தேங்குறது அங்கதான். ஒரு நிமிஷம் பாருங்க. நின்னுட்டா உடனே கிளம்பாம இன்னும் ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க, அப்புறம் பம்புல 45, 50 வரைக்கும் மட்டும் ஏத்திட்டு மெதுவா ஓட்டிட்டு வீட்டுக்குப் போங்க. 50ல 28 எம்எம் டயர் கொஞ்சம் மெத்துனு இருக்கும், பள்ளம் மேடு பாத்துப் போனா ஒண்ணும் ஆகாது. நிக்கலைன்னா காத்திருக்காதீங்க, பால் கொஞ்சம் மிச்சமிருக்கிறப்பவே ப்ளக், அதான் ஓட்டைக்குள்ள ஊசியால சொருகுற ரப்பர் ஸ்ட்ரிப், போட்டுடுங்க. பால் காலியான டயர்ல ப்ளக் போட்டா ப்ளக்க சுத்தி கசியிறத அடைக்க ஆள் இல்ல.

இன்னொன்னு, 28 எம்எம்க்கு 80 பிஎஸ்ஐயே எதுக்குன்னு யோசிங்க. உங்க வெயிட் எழுதல, ஆனா 70 கிலோ சுமார்ல இருக்கிறவங்களுக்கு 65, 70ஏ தாராளம். டியூப்லெஸ் போடுறதோட முக்கியமான லாபமே காத்தக் கொறைச்சு ஓட்டலாம்ங்கிறதுதான், பழைய டியூப் பழக்கத்துல டயர கல்லு மாதிரி அடிச்சு வச்சா சீலன்டும் வேல செய்யாது, ஓட்டுறதுக்கும் சொகமா இருக்காது.

முள்ளு குத்தி நிக்குது, காத்து போகல. புடுங்கணுமா விட்டுடணுமா?

முள்ளோ ஆணியோ ஆழமா குத்தி காத்தும் போகாம இருந்தா, வீடு பக்கம்னா தொடாம ஓட்டிட்டு வந்து வீட்ல வச்சு புடுங்குங்க, எல்லா சாமானும் கையில இருக்கும். ஆனா தலை வெளிய நீட்டிக்கிட்டு பிரேம்லயோ போர்க்லயோ உரசுற மாதிரி இருந்தா விடக்கூடாது. கண்ணாடித் துண்டுன்னா எப்பவும் புடுங்கிடுங்க, ஒவ்வொரு சுத்துக்கும் அது உள்ள உள்ள அறுத்துக்கிட்டே போகும், இன்னைக்கு 1 எம்எம் ஓட்டை நாளைக்கு 4 எம்எம் ஆயிடும். புடுங்குறதுக்கு முன்னாடி ப்ளக்க ஊசில கோத்து ரெடியா வச்சுக்கோங்க, அத மறந்துடாதீங்க.

அண்ணே, மோட்டார் பைக் டியூப்லெஸ் பஞ்சர் கிட் வீட்ல இருக்கு, அந்த ஸ்ட்ரிப்பையே சைக்கிளுக்கும் போடலாமா?

வேண்டாம்பா. மோட்டார் பைக், கார் டயர் எவ்வளவு கனம்னு தெரியும்ல, அதுக்கு செஞ்ச ஸ்ட்ரிப் 4 எம்எம்க்கு மேல தடிமனா இருக்கும், அத நொழைக்க அரம் மாதிரி ஒரு கம்பிய விட்டு ஓட்டைய பெருசாக்குவாங்க. ரோடு சைக்கிள் டயர் நடுவுல இருக்கிற மொத்த கனமே 3 எம்எம் சுமார்தான், அதுல உள்ள நூலெல்லாம் மெல்லிசு. அந்த அரத்த விட்டு கொடஞ்சீங்கன்னா நூல் அறுந்து சின்ன ஓட்டை பெரிய ஓட்டையாகி டயரே வீணாயிடும்.

சைக்கிளுக்குன்னே வர்ற கிட்ல ரெண்டு சைஸ் இருக்கும், சுமார் 1.5 எம்எம் மெல்லிசு ஒண்ணு, 3 எம்எம் சுமார்ல தடிமன் ஒண்ணு. ரோட்ல வர்ற பஞ்சருக்கு பெரும்பாலும் மெல்லிசே போதும், ஓட்டை கொஞ்சம் பெருசுன்னா மெல்லிசையே ரெண்டா சேத்து விடலாம். அரம் கிட்ல இருந்தாலும் ரோடு டயருக்கு அத எடுக்காதீங்க.

போடுறப்ப கவனிக்க வேண்டியது ஆழம். ஊசிய நேரா உள்ள விடுங்க, ஸ்ட்ரிப்போட ரெண்டு முனையும் வெளிய ஒரு சென்டிமீட்டர் நிக்கிற வரைக்கும் தள்ளுங்க, அதோட நிறுத்திட்டு சட்டுனு இழுத்துடுங்க. வேகத்துல ஆழமா குத்தினா ஊசி முனை ரிம் டேப்ப, அதான் ரிம்ல இருக்கிற ஸ்போக் ஓட்டைங்கள மூடியிருக்கிற டேப்ப, ஓட்டை பண்ணிடும், அப்புறம் டயர்ல போன காத்து ஸ்போக் ஓட்டை வழியா ரிம்முக்குள்ள போகும், எங்க போகுதுன்னே கண்டுபுடிக்க முடியாது. காத்து முழுசா போன டயர்ல இது நடக்குறதுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம், டயர் அமுங்கி ரிம்ம தொட்டுக்கிட்டு இருக்கும்ல. அதனால ப்ளக் போடுறதுக்கு முன்னாடி டயர்ல கொஞ்சமாவது காத்து இருந்தா நல்லது, போயிட்டிருக்கிறப்பவே குத்திடுங்க.

வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிறத 2, 3 எம்எம் விட்டுட்டு வெட்டிடுங்க. ஒட்ட வெட்டினா ஸ்ட்ரிப் உள்ள போயிடும், நீளமா விட்டா ரோட்ல உரசி இழுத்துக்கிட்டு வெளிய வந்துடும்.

ப்ளக் போட்ட டயர அப்படியே ஓட்டிக்கிட்டு இருக்கலாமா, இல்ல உள்ள பேட்ச் ஒட்டணுமா? ஒருத்தர் ஒட்டணும்ங்கிறார், இன்னொருத்தர் தேவையே இல்லைங்கிறார், கொழப்பமா இருக்கு சார்.

ரெண்டு பேர் சொல்றதும் அவங்கவங்க டயருக்கு சரியா இருக்கலாம். நடுவுல, ரோட்ல படுற எடத்துல, மெல்லிசு ஸ்ட்ரிப் ஒண்ணோட நின்ன ஓட்டைன்னா டயர் தேயுற வரைக்கும் அப்படியே ஓடும், தொடவே வேண்டாம். ஸ்ட்ரிப் ரெண்டு மூணு போட வேண்டி வந்த ஓட்டை, இல்ல ஒவ்வொரு வாரமும் அதே எடத்துல ஈரம் கசியுது, இல்ல நீங்க மலை எறக்கத்துல வேகமா எறங்குற ஆளுன்னா, உள்ள ஒட்டு போட்டே ஆகணும்ங்கிறது என் கருத்து. 60 கிலோமீட்டர் வேகத்துல முன் சக்கர ப்ளக் பிச்சுக்கிட்டா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. பின் சக்கரத்த விட முன் சக்கரத்துக்கு நான் எப்பவும் கூடுதலா கவனம் எடுப்பேன், நீங்களும் எடுங்க.

ஒட்டு போடுற வேலை கஷ்டமில்ல, ஆனா அவசரப்படுறவங்களுக்கு ஒட்டாது. பத்துக்கு எட்டு ஒட்டு பிச்சுக்கிறதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணுதான், உள்ள காஞ்ச சீலன்ட் படலம். கண்ணுக்கு டயர் மாதிரியே தெரியும், அதுமேல ஒட்டினா பேட்ச் அந்தப் படலத்தோடதான் ஒட்டியிருக்கும், டயரோட இல்ல. அதனால டயர கழட்டி, ஈரப் பால துணியால தொடச்சு, ஓட்டைய சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்கு காஞ்ச படலத்த விரலால உருட்டி உருட்டி உரிச்சு எடுங்க. ஸ்ட்ரிப்போட உள்பக்க வாலையும் ஒட்ட வெட்டிடுங்க, புடுங்க வேண்டாம், வெளிய இருக்கிற ஓட்டைய அது அடைச்சுக்கிட்டு இருக்கட்டும், தண்ணியும் மண்ணும் உள்ள போகாது.

அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல தொடச்சு நல்லா காய விடுங்க. உப்புத்தாள் நைசா போட்டு பளபளப்பு போற அளவுக்கு மட்டும் தேய்ங்க, உள்ள நூல் தெரிய ஆரம்பிச்சா அதிகமா தேச்சுட்டீங்கன்னு அர்த்தம். ரோடு டயர்ல உள்பக்க ரப்பர் ரொம்ப மெலிசு, சில டயர்ல தனியா ரப்பர் படலமே இருக்காது, நேரா நூல் துணி மேல லேசா பூசியிருப்பாங்க, அதுல பலமா தேய்க்கவே கூடாது. தேச்ச தூள தொடச்சுட்டு ரப்பர் சொல்யூஷன பேட்ச விட பெரிய வட்டமா மெல்லிசா தடவுங்க. இங்கதான் பொறுமை வேணும், அஞ்சு நிமிஷமாவது விடணும், விரல் முதுகால தொட்டா ஈரமா ஒட்டாம பசையா மட்டும் இருக்கணும். ஈரத்தோட ஒட்டினா நிக்காது. பேட்ச வச்சு நடுவுலேந்து ஓரத்துக்கு அழுத்தி அழுத்தித் தேய்ங்க, ஸ்பூன் முதுகாலயோ வட்டமான ஏதாவது ஒண்ணாலயோ நல்லா அழுத்துங்க. சொல்யூஷனோட வர்ற பேட்சையே வாங்குங்க, ஸ்டிக்கர் மாதிரி உரிச்சு ஒட்டுற பேட்ச் டியூப்புக்கு அவசரத்துக்கு ஓகே, டயருக்குள்ள சீலன்ட்ல ஊறிக்கிட்டு கெடக்க அதால முடியாது.

ஒரு ராத்திரி விட்டுட்டு அப்புறம் சீலன்ட் ஊத்துங்க. உடனே ஊத்திட்டு ஒட்டு நிக்கலன்னு என்கிட்ட எழுதாதீங்க.

சூப்பர் க்ளூ ஊத்தலாமான்னு மூணு பேர் கேட்டிருந்தீங்க. ப்ளக்கோட ஒரு சொட்டு போட்டா அன்னைக்கு நிக்கும், ஆனா அது காஞ்சா கண்ணாடி மாதிரி விறைச்சுக்கும், டயரோ ஒவ்வொரு சுத்துலயும் வளையுது, வளைஞ்சு வளைஞ்சு விரிசல் விடும். வழியில மாட்டிக்கிட்டா சரி, அத நம்பி மாசக்கணக்கா ஓட்டாதீங்க.

சிஓ2 சிலிண்டர் அடிச்சா சீலன்ட் கெட்டுடும்ங்கிறாங்களே, உண்மையா?

சில சீலன்ட் கெடும். சிஓ2, அதான் பம்புக்கு பதிலா டயர்ல அடிக்க சின்ன சிலிண்டர்ல வர்ற கார்பன் டை ஆக்சைடு வாயு, வெளிய வர்றப்ப ரொம்ப குளிரா வரும், அதோட சில ரப்பர் பால் சீலன்ட் அந்த வாயுவோட சேந்தா கட்டியாகவும் செய்யும். சிஓ2வுக்கு ஒத்துக்கும்னு பாட்டில்லயே போட்ட சீலன்டும் இருக்கு, வாங்குறப்ப படிச்சுப் பாருங்க. எதுவா இருந்தாலும் அடிக்கிறப்ப வால்வ கீழ வைக்காம மேலயோ பக்கவாட்டுலயோ வைங்க, குளிர் நேரா பால் மேல படாது. சிஓ2 ரப்பர் வழியா சாதா காத்த விட சீக்கிரம் வெளியேறிடும், மறுநாள் காலைல டயர் தளர்ந்திருந்தா பஞ்சர்னு பயப்படாதீங்க, மொத்தத்தையும் எறக்கிட்டு பம்புல சாதா காத்து அடிங்க.

ஹூக்லெஸ் ரிம் வச்சிருக்கிறவங்க இத கவனமா படிங்க. ஹூக்லெஸ்னா ரிம் ஓரத்துல டயர புடிச்சுக்கிற கொக்கி வளைவு இல்லாத ரிம், அதுக்கு உச்ச அழுத்தம் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. 16 கிராம் சிலிண்டர் ஒண்ண காலி டயர்ல மொத்தமா எறக்கினா 28 எம்எம் டயர்ல அத தாண்டிடும். கொஞ்சம் கொஞ்சமா விட்டு கையால அமுக்கிப் பாருங்க, சந்தேகமா இருந்தா கம்மியாவே வைங்க. டயர் ரிம்ம விட்டு வெளிய வந்துச்சுன்னா அது பஞ்சர் இல்ல, விபத்து. டயர்லயும் ரிம்லயும் தனித்தனியா அளவு போட்டிருந்தா எது கம்மியோ அதுதான் கணக்கு.

டயர் பக்கவாட்டுல கிழிஞ்சிடுச்சு, ஒரு சென்டிமீட்டர் இருக்கும். ப்ளக் போட்டு பாத்தேன் நிக்கல.

நிக்காது மா. பக்கவாட்டு சுவர் மெலிசு, ஓடுறப்ப அதிகமா வளையுறதும் அந்த எடம்தான், ப்ளக்க புடிச்சுக்க அங்க ரப்பரே கெடையாது. வழியில ஆச்சுன்னா உள்ள ஒரு முட்டு வச்சு டியூப் போட்டு காத்த கம்மியா வச்சு வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான். முட்டுக்கு பழைய டயர்ல ஒரு துண்டு வெட்டி பைல எப்பவும் வச்சுக்கோங்க, எடையே இல்லாத சாமான், அதில்லன்னா டூத்பேஸ்ட் டியூப் வெட்டின துண்டு கூட போதும். வீட்டுக்கு வந்ததும் அந்த டயர தூக்கிப் போட்டுடுங்க. டயர் வெலை வலிக்கும்தான், எனக்குத் தெரியும், ஆனா நூல் அறுந்த பக்கச் சுவர நம்பி யாரும் ஓட்டக்கூடாது.

வழியில டியூப் போடலாம்னு பாத்தா டயர் ரிம்ம விட்டு வரவே மாட்டேங்குது, கை வலிச்சு லீவர் ஒடைஞ்சதுதான் மிச்சம். எல்லாரும் எப்படி பண்றாங்க?

பலத்தால பண்றதில்ல. டியூப்லெஸ் டயரோட பீடு, அதான் ரிம்ல உக்காருற ஓரம், நீளாத நார்ல செஞ்சது, எவ்வளவு இழுத்தாலும் ஒரு எம்எம் கூடாது. எடம் கெடைக்கிறது ரிம் நடுவுல இருக்கிற பள்ளத்துலதான். முதல்ல காத்த முழுக்க எறக்கிட்டு, சுத்தி சுத்தி ரெண்டு பக்கமும் கட்டை விரலால பீட தள்ளி அந்தப் பள்ளத்துக்குள்ள எறக்குங்க. நல்லா உக்காந்த பீடு டக்குனு சத்தம் போட்டு எறங்கும். முழு வட்டமும் எறங்கினதுக்கு அப்புறம் வால்வுக்கு எதிர்ப்பக்கத்துலேந்து கொஞ்சம் கொஞ்சமா வால்வு பக்கமா டயர இழுத்துக்கிட்டே வாங்க, தளர்ச்சி எல்லாம் வால்வு கிட்ட வந்து சேரும், அங்க லீவர் போடுங்க. எதிர்ப்பக்கம் பள்ளத்துல இருந்து ஏறிடாம பாத்துக்கணும், பாதி பேர் மாட்டிக்கிறது இங்கதான். இரும்பு லீவர் வேண்டாம், ரிம் டேப்ப கிழிச்சிடும்.

திறந்ததும் டியூப்லெஸ் வால்வோட நட்ட கழட்டி வால்வ எடுத்து பத்திரமா வைங்க. நட்டு பல வருஷமா காஞ்ச பால்ல இறுகியிருக்கும், வீட்லயே ஒரு தடவ கழட்டி மாட்டி கையால திறக்குற அளவுக்கு மட்டும் முடுக்கி வச்சுக்கோங்க. அப்புறம் இத யாரும் செய்றதில்ல, டயர் உள்பக்கம் முழுக்க விரலால மெதுவா தடவிப் பாருங்க. டியூப்லெஸ்ல ஓட்டுறப்ப நமக்குத் தெரியாமலே குத்தி சீலன்ட் அடைச்ச முள்ளு நாலஞ்சு உள்ள நீட்டிக்கிட்டு இருக்கும், சீலன்டுக்கு அது ஒண்ணும் இல்ல, புது டியூப்புக்கு எமன். எல்லாத்தையும் புடுங்கிட்டுதான் டியூப் உள்ள போகணும். பால் நெறைய இருந்தா ரோட்ல கொட்டாம துணியில தொடச்சு எடுங்க, காஞ்சா எதுல பட்டாலும் போகாது.

சீலன்ட் எவ்வளவு ஊத்தணும், எத்தன நாளுக்கு ஒரு தடவ?

28 எம்எம்க்கு 40 எம்எல் சுமார், 32ன்னா 50, 60. மூணு மாசத்துக்கு ஒரு தடவ பாருங்க, வெயில் ஜாஸ்தின்னா இன்னும் சீக்கிரம் காயும். சக்கரத்த காது கிட்ட வச்சு ஆட்டினா சலக் சலக்னு கேக்கணும், கேக்கலைன்னா காலி. வால்வு கோர, அதான் வால்வுக்குள்ள திருகியிருக்கிற சின்ன பாகத்த, கழட்டி சிரிஞ்சால அது வழியாவே ஊத்திடலாம், டயர எறக்க வேண்டாம். கழட்டுறப்ப வால்வு மேல இருக்கட்டும், முகத்த நேரா வைக்காதீங்க, மிச்சக் காத்து பால கண்ணுல அடிக்கும். கோர்ல பால் ஒறைஞ்சு பம்பு ஏறவே மாட்டேங்குதுன்னா சொரண்டிக்கிட்டு இருக்காம புதுசு போடுங்க. வேற வேற கம்பெனி சீலன்ட கலக்காதீங்க, சிலது சேந்தா உடனே தயிர் மாதிரி திரியும்.

மாசத்துல ஒரு தடவ, சில சமயம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவதான் ஓட்டுவேன். டியூப்லெஸ் மாத்தலாமா?

உங்களுக்கு டியூப்பே நல்லது. நிறுத்தியே வச்சிருந்தா பால் ஒரே எடத்துல தேங்கி ஒறைஞ்சிடும், நீங்க வெளிய எடுக்குற அன்னைக்கு டயர்ல சீலன்டே இருக்காது, பஞ்சர் ஆனா டியூப் டயர விட மோசமா மாட்டிப்பீங்க. 2006ல ஹட்சின்சன், ஷிமானோங்கிற ரெண்டு கம்பெனியும் ரோடுக்கு டியூப்லெஸ் கொண்டு வந்தப்ப டயரே காத்த புடிச்சு வைக்கிற மாதிரி கனமா செஞ்சாங்க. இப்ப வர்ற டியூப்லெஸ் ரெடி டயர் எடைக்காக மெலிசாக்கினது, காத்த புடிச்சு வைக்கிறதுக்கே சீலன்ட் வேணும். பராமரிக்க நேரம் இருக்கிறவங்களுக்குதான் அது.

பஞ்சரே இல்ல, ப்ளக்கும் போடல, ஆனா ராத்திரி 70 வச்சா காலைல 30தான் இருக்கு. சீலன்ட் மாத்தியும் பாத்துட்டேன்.

அப்ப டயர விட்டுட்டு ரிம்ம பாருங்க. சோப்புத் தண்ணிய டயர் முழுக்க, பீடு ஓரம், வால்வு அடி, ஸ்போக் நிப்பிள் எல்லா எடத்துலயும் தடவுங்க. பீடு ஓரத்துல குமிழி வந்தா அங்க காஞ்ச பால் கட்டி சிக்கியிருக்கும், எறக்கி தொடச்சு திரும்ப ஏத்துங்க. வால்வு அடியிலயோ ஸ்போக் நிப்பிள்லயோ குமிழி வந்தா ரிம் டேப் போச்சுன்னு வச்சுக்கலாம், சில சமயம் வால்வு ரப்பர் மட்டும் தேஞ்சிருக்கும், அத முதல்ல பாருங்க. டேப் ரிம்மோட உள் அகலத்த விட 2, 3 எம்எம் கூட இருக்கணும், ரெண்டு பக்கச் சுவரோரமும் மூடணும். பழச உரிச்சு, ஆல்கஹால்ல தொடச்சு, நல்லா இழுத்துப் புடிச்சு ஒட்டுங்க, வால்வு ஓட்டைய கத்தியால கீறாம சூடு பண்ண ஊசியால குத்துங்க, கீறினா அங்கேந்து கிழியும். புது டேப் ஒட்டினதும் ஒரு ராத்திரி டியூப் போட்டு காத்தடிச்சு வைங்க, டேப் நல்லா அமுங்கி ஒட்டிக்கும். காலைல ஒரு பக்க பீட மட்டும் எறக்கி டியூப்ப உருவிட்டு வால்வு மாட்டுங்க, மறுபக்கம் ஏற்கனவே உக்காந்திருக்கிறதால சாதா பம்புலயே ஏறிடும்.